அப்பா ஏன் டம்ளரைத் தட்டு என்கிறார்?

கோத்தகிரிப் பக்கமிருந்து ஒரு மகள் கேட்டிருக்கிறார்: "அப்பாவுக்கு 66 வயது. தேயிலை ஃபேக்டரியில் 30 வருஷம் கொழுந்து எடை போட்டவர். 6 வாரத்துக்கு முன்பு ஸ்ட்ரோக் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. இப்போது பிடித்துக்கொண்டு நடக்கிறார். பேச்சுதான் சரியாகவில்லை. டம்ளர் வேண்டுமென்றால் தட்டு என்கிறார். தட்டைக் கொடுத்தால் கோபப்பட்டுத் தள்ளிவிடுகிறார். என்னை என் அத்தை பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். மூளை குழம்பிவிட்டது என்று ஊரில் பேசுகிறார்கள். வீட்டில் தமிழ், இலை கொண்டுவருகிறவர்களோடு படுகு, கொஞ்சம் மலையாளம் என்று பேசியவர். இனி எந்த மொழியில் பேசுவது? பேச்சு திரும்புமா?"

உங்கள் கேள்விக்குள்ளேயே பதிலில் பாதி இருக்கிறது. தட்டைக் கொடுத்தால் தள்ளிவிடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை நான் மூன்று தடவை படித்தேன். டம்ளர் என்றால் என்ன, அதில் என்ன குடிப்போம், தனக்கு இப்போது எது வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரிகிறது. அதனால்தான் தட்டு வந்ததும் கோபம் வருகிறது. மனதில் இருக்கும் பொருளுக்கும் வாயில் வரும் பெயருக்கும் நடுவில் எங்கோ அறுந்திருக்கிறது. இதை அஃபேசியா என்போம். ஸ்ட்ரோக் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இது வருகிறது. இதைப் பைத்தியம் என்றோ மறதி என்றோ சொல்வது தவறு. குன்னூரில் 19 வருஷமாகப் பேச்சுப் பயிற்சி கொடுத்து வருகிறேன். அந்தத் தவறான பேச்சு நோயாளியின் காதில் விழும்போது அவர் முகம் எப்படிச் சுருங்கும் என்பதைப் பல முறை பார்த்திருக்கிறேன். அப்பா முன்னால் இனி யாரும் அப்படிப் பேசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவருக்குப் புரியும்.

சரி, ஒரு சொல் வாயிலிருந்து வருவதற்குள் மூளையில் என்னென்ன நடக்கிறது? ஒரு டம்ளர் படத்தைக் காட்டிப் பெயர் சொல்லச் சொன்னால், நல்ல மூளைக்கு ஏறக்குறைய 600 மில்லி நொடி ஆகும். ஒரு நொடியில் பாதிக்குக் கொஞ்சம் மேல். அதற்குள் பல வேலை முடிகிறது. முதலில் கண் பார்த்ததை மூளை இன்னதென்று அடையாளம் காண்கிறது. அப்புறம் அந்தப் பொருளுக்கான சொல்லைத் தேர்ந்தெடுக்கிறது. அந்த நேரத்தில் டம்ளர் மட்டும் எழுந்து வருவதில்லை. சொம்பு, தட்டு, கரண்டி, காபி என்று அக்கம்பக்கத்துச் சொற்களும் லேசாகக் கை தூக்குகின்றன. அவற்றை அமர்த்திவிட்டு ஒன்றை எடுக்க வேண்டும். எடுத்த பிறகு அதன் ஒலிகளை வரிசையாக அடுக்க வேண்டும்: ட, ம், ள, ர். கடைசியில் நாக்குக்கும் உதட்டுக்கும் கட்டளை போக வேண்டும். உங்கள் அப்பா 'தட்டு' என்று சொல்வது தேர்ந்தெடுக்கும் இடத்தில் நடக்கும் பிழை. பக்கத்து வீட்டுச் சொல் முந்திக்கொள்கிறது. டம்ளருக்கு 'டம்லாடு' என்று சொல்லியிருந்தால் பிழை ஒலியை அடுக்கும் இடத்தில். சரியான சொல்லே குழறலாக வந்தால் கோளாறு நாக்கு, உதட்டின் தசைகளை இயக்குவதில். மூன்றுக்கும் பயிற்சி வேறு வேறு. அதனால்தான் என்னிடம் வருகிறவர்களிடம், 'பேச்சு வரவில்லை' என்று மட்டும் சொல்லாதீர்கள், எதற்கு என்ன சொன்னார் என்று எழுதிக்கொண்டு வாருங்கள் என்கிறேன்.

கேட்கும்போதும் இதே வேகம்தான். 'படி' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அரிசி அளக்கும் படியும் அதுதான், ஏறும் படியும் அதுதான், பிள்ளையைப் 'படி' என்று அதட்டுவதும் அதுதான். 1979-ல் டேவிட் ஸ்வின்னி என்ற ஆய்வாளர் ஆங்கிலத்தில் இப்படிப் பல பொருள் தரும் சொற்களை வைத்துச் சோதித்தார். வாக்கியம் எந்தப் பொருளைச் சுட்டினாலும், சொல் காதில் விழுந்த அந்தக் கணத்தில் எல்லாப் பொருளும் திறந்துகொள்கின்றன. இரண்டு மூன்று அசை தாண்டுவதற்குள் பொருந்தாதவை மூடிக்கொள்கின்றன என்று கண்டார். நமக்கு இது நடப்பதே தெரியாது. அடுத்த ஆண்டு, 1980-ல், மார்ட்டா குட்டாஸும் ஸ்டீவன் ஹில்யார்டும் தலையில் மின்முனைகள் ஒட்டி மூளையின் மின்னலைகளைப் பார்த்தார்கள். பொருள் பொருந்தாத சொல் வாக்கியத்தில் வந்தால், சுமார் 400 மில்லி நொடியில் ஓர் அலை எழுகிறது. "குளிர் தாங்காமல் சூடாக ஒரு டம்ளர் ஸ்வெட்டர் குடித்தார்" என்று படித்ததும் உங்களுக்குச் சுருக்கென்றதே, அதுதான். அஃபேசியா உள்ளவர்கள் பலருக்கு இந்தத் திறப்பதும் மூடுவதும் மெதுவாக நடக்கின்றன. நாம் வேகமாகப் பேசினால் முதல் சொல்லின் கதவு மூடுவதற்குள் நான்காவது சொல் வந்து நிற்கும். உரக்கப் பேசுவதால் பயனில்லை, அவர் காதில் குறையில்லை. மெதுவாக, சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசினால் பயனுண்டு.

மூளையில் இது எங்கே நடக்கிறது என்று தேடிய கதை 1861-ல் பாரிஸில் தொடங்குகிறது. பிசேத்ர் மருத்துவமனையில் லெபோர்ன் என்று ஒருவர் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தார். எதைக் கேட்டாலும் 'டான்' என்பது மட்டும்தான் வரும்; சொன்னது புரியும். அவர் இறந்த பிறகு பால் ப்ரோக்கா என்ற மருத்துவர் மூளையைப் பார்த்தபோது இடது நெற்றிப் பக்கத்தில் சிதைவு இருந்தது. 1874-ல் ஜெர்மனியின் கார்ல் வெர்னிக்கே இதற்கு நேரெதிரானவர்களைப் பற்றி எழுதினார். பேச்சு ஆறாக ஓடும், ஆனால் அர்த்தம் இருக்காது. அடுத்தவர் பேசுவதும் சரியாகப் புரியாது. அவர்களுக்குச் சிதைவு இடது காதுக்குப் பின்பக்கம். வலது கைப் பழக்கம் உள்ளவர்களில் நூற்றுக்கு 95 பேருக்கு மொழி பெரும்பாலும் இடது மூளையில் இருக்கிறது. இடது மூளைதான் வலது கை காலையும் இயக்குகிறது. அப்பாவுக்கு வலது பக்கமும் பேச்சும் சேர்ந்து விழுந்ததற்குக் காரணம் அதுதான்.

ஆனால் 'இந்த இடம் பேச, அந்த இடம் புரிந்துகொள்ள' என்று இரண்டு பெட்டி போட்டு முடித்துவிட முடியாது. லெபோர்னின் மூளையைப் பாரிஸில் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள். 2007-ல் அதை ஸ்கேன் செய்து பார்த்தபோது, சிதைவு ப்ரோக்கா மேலோட்டமாகப் பார்த்ததைவிட ஆழமாகப் போய், பகுதிகளை இணைக்கும் நரம்பு நார்களையும் வெட்டியிருந்தது தெரிந்தது. நம் மலைக்காரர்களுக்கு இது எளிதில் புரியும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குக் குன்னூர் வழியும் இருக்கிறது, கோத்தகிரி வழியும் இருக்கிறது. ஐப்பசி மழையில் குன்னூர் ரோட்டில் மண் சரிந்தால் ஊட்டி காணாமல் போவதில்லை. வண்டிகளைக் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடுகிறார்கள். நேரமாகும், நெரிசலாகும், ஆனாலும் போய்ச் சேரும். அப்பாவின் மூளையில் சரிந்தது ரோடு. பயிற்சி என்று நாங்கள் செய்வதில் பெரும்பகுதி, மாற்று வழியில் வண்டியைத் திரும்பத் திரும்ப ஓட்டி அந்த வழியைப் பழக்குவதுதான்.

அப்படியானால் ஊட்டி எங்கே இருக்கிறது? அதாவது, பொருள் எங்கே இருக்கிறது? இங்கேதான் எனக்கு இன்றைக்கும் வியப்பு. கொழுந்து என்ற சொல்லை உங்கள் அப்பா எப்படி அறிந்திருக்கிறார் என்று யோசியுங்கள். அதன் பச்சை நிறம் பார்வைப் பகுதியில். மூட்டையைத் திறந்ததும் வரும் வாசனை இன்னொரு இடத்தில். ரெண்டு இலையும் ஒரு மொட்டும் விரலில் படுகிற விதம் தொடு உணர்வுப் பகுதியில். எடை, விலை, யார் யார் கொண்டுவந்தார்கள் என்ற நினைவு வேறு வேறு இடங்களில். 2004-ல் வந்த ஓர் ஆய்வில், கையால் செய்யும் செயலைக் குறிக்கும் சொல்லை வெறுமனே படித்தாலே கையை இயக்கும் பகுதிக்கு அருகிலும், உதைப்பது போன்ற சொல்லுக்குக் காலை இயக்கும் பகுதிக்கு அருகிலும் மூளை விழித்துக்கொண்டது தெரிந்தது. 2016-ல் பெர்க்லியில், கதைகளை மணிக்கணக்காகக் கேட்கவைத்து ஸ்கேன் எடுத்தவர்கள், சொற்பொருள் இரண்டு பக்க மூளையிலும் பரவிக் கிடப்பதை வரைபடமாகவே காட்டினார்கள். சிதறிக் கிடக்கும் இவற்றையெல்லாம் ஒரே கொழுந்தாகக் கட்டும் முடிச்சு நெற்றிப்பொட்டுப் பக்கத்தில், மூளையின் பொட்டு மடலின் முன்நுனியில் இருக்கிறது என்பது பலர் ஏற்கும் கருத்து. இருபுறமும் இருப்பதால் ஒரு பக்கத்து ஸ்ட்ரோக்கில் பொருள் முழுவதுமாக அழிவது அரிது.

அந்த முடிச்சே அவிழ்கிற நோய் ஒன்று உண்டு. பொருள்மறதி வகை டிமென்ஷியா என்று சொல்லலாம். அதில் இரண்டு பக்க முன்நுனியும் மெல்ல மெல்லச் சுருங்கும். முதலில் காட்டெருமையை மாடு என்பார்கள், பிறகு ஆடு, மாடு எல்லாமே நாய் ஆகும், கடைசியில் 'அது'. சீப்பைக் கையில் கொடுத்தாலும் அதை வைத்து என்ன செய்வதென்று விழிப்பார்கள். பேச்சு மட்டும் சரளமாக இருக்கும். தமிழ் எழுத்துப் பெரும்பாலும் ஒலிக்கு ஒலி எழுதப்படுவதால் தினசரியைக் கணீரென்று வாசித்துவிடுவார்கள். வாசித்தது என்ன என்று கேட்டால் தெரியாது. வீட்டாரும் ஏமாந்துபோவார்கள். உங்கள் அப்பா இதற்கு நேரெதிர். சீப்பு என்று சொல்ல வராது, கையில் எடுத்தால் தலையைச் சீவுவார். சந்தேகமிருந்தால் இன்றைக்கே பாருங்கள். தீப்பெட்டி, சீப்பு, சாவி மூன்றையும் மேஜையில் வையுங்கள். பெயர் கேட்காதீர்கள். "இதை வைத்து என்ன செய்வீர்கள் அப்பா, காட்டுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். வலது கை வராவிட்டால் இடது கையால் காட்டட்டும். ஒன்று மட்டும்: ஸ்ட்ரோக்கில் சிலருக்குக் கை அசைவுகளைத் திட்டமிடும் பகுதியும் அடிபட்டிருக்கும், அவர்களால் காட்ட முடியாது. அப்படியானால் பொருள் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

மூளை எவ்வளவு நுட்பமாகச் சொற்களைப் பிரித்து வைத்திருக்கிறது என்பதற்கு ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். குன்னூர் மார்க்கெட்டில் பல வருஷம் அரிசிக்கடை வைத்திருந்த பெரியவர். ஸ்ட்ரோக்குக்குப் பிறகு 'ஆமாமா' என்பதைத் தவிர ஒன்றும் வரவில்லை. படங்கள், அட்டைகள் எல்லாம் காட்டிப் பார்த்தேன், பலனில்லை. ஒருநாள் அவர் மனைவியிடம் சொல்லிப் பழைய இரும்புப் படியையும் ஒரு முறம் அரிசியையும் கொண்டுவரச் செய்து முன்னால் வைத்தேன். கொஞ்ச நேரம் அரிசியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடது கையால் படியை எடுத்து, அரிசியில் முக்கி, படியின் தலையை உள்ளங்கையால் வழித்துவிட்டுக் கொட்டினார். கொட்டும்போது வாயிலிருந்து வந்தது: "லாபம்." அடுத்த படிக்கு "ரெண்டு", அப்புறம் "மூணு", "நாலு" என்று பன்னிரண்டு வரைக்கும் தெளிவாக வந்தது. நம் ஊரில் அளக்கிறவர்கள் ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்றுதானே தொடங்குவார்கள், அதே மாதிரி. கதவருகில் நின்ற அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஆனால் உடனே, "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்கய்யா?" என்று கேட்டபோது மூன்று என்று சொல்ல வரவில்லை. திணறினார். பிறகு விரலை மடக்கி "லாபம், ரெண்டு, மூணு" என்று எண்ணி, மூன்றில் நிறுத்தி, என்னைப் பார்த்தார். பல்லாயிரம் தடவை சொல்லிப் பழகிய வரிசையும், ஒரு கேள்விக்குத் தேடி எடுக்கும் சொல்லும் மூளையில் ஒரே வழியில் வருவதில்லை. எண்கள், கிழமைகள், சாமி பாட்டு, 'அய்யோ', வசவு இவையெல்லாம் தப்பிப் பிழைப்பதும் அதனால்தான். வலது மூளையும் மூளையின் ஆழத்தில் இருக்கும் நரம்புத் திரள்களும் இதில் கைகொடுக்கின்றன என்று கருதப்படுகிறது. ராகத்தோடு சொற்களைச் சொல்லவைக்கும் பயிற்சிமுறை 1973-லிருந்து உண்டு. அப்பாவுக்கு எடை எண்ணிக் கூப்பிட்ட பழக்கம் இருக்கும். அதிலிருந்து தொடங்கலாம்.

மொழிக்கு வருகிறேன். பல மொழி பேசியவருக்கு ஸ்ட்ரோக் வந்தால் எது முதலில் திரும்பும் என்பது பற்றி 19-ஆம் நூற்றாண்டிலேயே விவாதம் இருந்தது. முதலில் கற்றது என்றார் பிரான்ஸின் ரிபோ. நோய்க்கு முன்பு அதிகம் புழங்கியது என்று 1895-ல் பித்ர் என்ற மருத்துவர் சொன்னார். நடைமுறையில் பெரும்பாலோருக்கு எல்லா மொழியும் சேர்ந்தேதான் திரும்புகின்றன. சிலருக்கு ஒன்று முந்துகிறது. எனவே வீட்டில் தமிழ் பேசிய நீங்கள் தமிழிலேயே பேசுங்கள். அவரோடு படுகில் பேசிப் பழகியவர்கள் பார்க்க வந்தால் அவர்கள் படுகிலேயே பேசட்டும். இரண்டும் கலந்து வந்தால் திருத்தாதீர்கள். தமிழில் வராத சொல் படுகில் வந்தால் அது வெற்றிதான். பல மொழி பேசியதால் மூளை பலவீனமாகிவிட்டதோ என்று சிலர் பயப்படுகிறார்கள். ஹைதராபாதில் சுவர்ணா அல்லாடி குழுவினர் 608 ஸ்ட்ரோக் நோயாளிகளைப் பார்த்து 2016-ல் வெளியிட்ட ஆய்வில், பிறகும் சிந்தனைத்திறன் இயல்பாக இருந்தவர்கள் இருமொழிக்காரர்களில் 40.5 சதவீதம், ஒருமொழிக்காரர்களில் 19.6 சதவீதம். அஃபேசியா வரும் வாய்ப்பில் மட்டும் வித்தியாசமில்லை.

பேச்சு திரும்புமா என்றால், முதல் மூன்று மாதத்தில்தான் வேகமாகத் தேறும். நீங்கள் அந்தக் காலத்துக்கு நடுவில் இருக்கிறீர்கள், வீணாக்காதீர்கள். அதற்குப் பிறகு கதவு அடைபட்டுவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2017-ல் ஜெர்மனியில் நடந்த ஆய்வில், ஸ்ட்ரோக் வந்து ஆறு மாதத்துக்கு மேல் ஆன 150-க்கும் அதிகமானவர்கள் கலந்துகொண்டார்கள். வாரத்துக்குப் பத்து மணி நேரமாவது என்று மூன்று வாரம் தீவிரப் பயிற்சி எடுத்தபோது பேச்சு மேம்பட்டது. முழுவதும் பழையபடி ஆகுமா என்பது சிதைவின் அளவைப் பொறுத்தது, அதை ஸ்கேனும் நேரில் செய்யும் பரிசோதனையும் பார்க்காமல் நான் சொல்வது சரியில்லை. வாரம் ஒருமுறை கோயம்புத்தூர் இறங்குவது கஷ்டம் என்றால், மைசூரில் இருக்கும் அகில இந்திய பேச்சு கேட்டல் நிறுவனத்தில் ஒருமுறை முழுப் பரிசோதனை செய்துகொண்டு வாருங்கள். ஊட்டியிலிருந்து சுமார் 125 கி.மீ.தான்.

வீட்டில் செய்ய வேண்டியதில் முக்கியமானது, "இது என்ன, இது என்ன" என்று பரீட்சை வைப்பதை நிறுத்துவது. வருகிற விருந்தாளியெல்லாம் அதைத்தான் செய்கிறார்கள். டம்ளர் வரவில்லையென்றால் சுற்றி வளையுங்கள்: எதற்கு வைத்திருக்கிறோம், எங்கே இருக்கும், எதனால் செய்தது, அதில் என்ன ஊற்றுவோம். பக்கத்து இழைகளைத் தட்டி எழுப்பினால் நடுவில் இருக்கும் சொல் எழும். அப்படியும் வராவிட்டால் முதல் ஒலியை மட்டும் கொடுங்கள், "ட..." என்று. மனதுக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருங்கள். டி.வி.யை அணைத்துவிடுங்கள். 'ஆமா, இல்லை' இரண்டும்கூட மாறி வரலாம் என்பதால் டம்ளரையும் தட்டையும் இரண்டு கையில் பிடித்து, தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். அழுகை, சாப்பாட்டில் வெறுப்பு, தூக்கமின்மை தெரிந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். ஸ்ட்ரோக்குக்குப் பிறகு மனச்சோர்வு மிகச் சாதாரணம், மருந்துண்டு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஒருமுறை வந்தவருக்கு மறுபடியும் வர வாய்ப்பு அதிகம். நம் பக்கத்தில் வாய் ஒருபுறம் கோணினால் குளிர்காற்று அடித்துவிட்டது என்று துண்டைக் கட்டிக்கொண்டு படுத்துவிடுகிறார்கள். திடீரென்று வாய் கோணினாலோ, ஒரு கை துவண்டாலோ, பேச்சு குழறினாலோ, மாறி வந்தாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். கோத்தகிரியிலிருந்து கோயம்புத்தூர் 70 கி.மீ. மலை இறங்கவே அதில் ஒரு பங்கு போய்விடும். கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கே முதலில் கேட்பது அதைத்தான்.

கடைசியாக, உங்களை அத்தை பெயர் சொல்லிக் கூப்பிடுவது. இதை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருந்தாலும், எல்லாவற்றையும் விட இதுதான் வலிக்கிறது என்று நினைக்கிறேன். ஆட்களின் பெயர்தான் எல்லாச் சொற்களிலும் கடினம். டம்ளருக்குச் சுற்றிலும் தண்ணீர், காபி, தாகம் என்று இழைகள் உண்டு. ஒரு பெயருக்கு அந்த ஆளைத் தவிர வேறு பிடி இல்லை. 1996-ல் டமாசியோ குழுவினர், இடது பொட்டு மடலின் நுனி அடிபட்டவர்களுக்கு மற்றவற்றைவிட ஆட்களின் பெயர்தான் வராமல் போவதைக் காட்டினார்கள். முகத்தைப் பார்த்து யார், என்ன செய்கிறவர் என்பதைச் சொல்லிவிடுவார்கள். உங்களைப் பார்த்ததும் அப்பாவின் மூளை சரியான வீட்டுக்குத்தான் போகிறது: என் வீட்டுப் பெண், எனக்கு வேண்டியவள். அங்கே உங்கள் பெயருக்குப் பக்கத்தில் அவர் சின்ன வயதிலிருந்து கூப்பிட்ட தங்கையின் பெயர் இருக்கிறது. அது முந்திக்கொள்கிறது.

அத்தை பெயர் சொல்லிக் கூப்பிட்டால் "என்னப்பா" என்று போய் நில்லுங்கள். திருத்தாதீர்கள். போகும்போது உங்கள் பெயரை நீங்களே ஒருமுறை சொல்லிக்கொண்டு போங்கள். ஒரு நோட்டில் அவருக்கு வேண்டிய பத்துச் சொல்லை அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், ஒவ்வொன்றுக்கும் படம் ஒட்டுங்கள். முதல் பக்கத்தில் உங்கள் போட்டோ இருக்கட்டும், கீழே பெயரைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். இரண்டு வாரம் கழித்து, எதற்கு என்ன சொன்னார் என்பதைக் குறித்து எனக்கு எழுதுங்கள், அடுத்து என்ன செய்வதென்று சொல்கிறேன்.